இன்னொரு தட்டு

எந்த மருந்துக்கும் மசியாத கிருமியோடு ஆஸ்பத்திரி மேல்மாடியில் டீச்சர் கிடந்தார். மீதி இருந்தது ஒரே ஒரு புது மருந்து.

ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்த்த தட்டைத் தூக்கிப் பார்த்த டாக்டர் துள்ளினார். "மருந்து பட்ட இடமெல்லாம் துடைச்சுவிட்ட மாதிரி இருக்கே! எல்லா மருந்தையும் தின்னு ஏப்பம் விட்ட பயலுக்கு இப்பத்தான் அஜீரணம். டீச்சர் பொழைச்சாங்க!"

டெக்னீஷியன் இன்னொரு தட்டை நீட்டினாள். "டீச்சரோடது இது சார். இதுலயும் செத்துப்போச்சு. தைரியமா ஏத்தலாம்."

"அப்ப இது யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோன கிருமி. புது மருந்து எது வந்தாலும் இதுமேலயும் போட்டுப் பார்ப்பேன். இன்னிக்குத்தான் தோத்துச்சு."

"அப்புறமென்ன, தூக்கி எறிங்கம்மா!"

"இதோட கூட்டம் இந்த மருந்துக்கும் ஒருநாள் பழகிடும் சார். அடுத்த சண்டைக்கு வேணும்."

சிரித்தபடியே அவள் மீதிக் கிருமி இருந்த குப்பியை உறைபெட்டியில் வைத்தாள். அதன்மேல் கணவருடைய பெயர் அழியாமல் இருந்தது.