கிணத்துமேடு ஸ்டாப்

"இந்தக் கண்ணம்மா அக்காவாலதான் தினம் லேட்டு. கிணத்துமேட்டுல வண்டி நிக்கவே கூடாது" என்று கம்பெனி பஸ்ஸில் ஹெலன் பொரிந்தாள்.

கண்ணம்மாளுக்குச் சின்ன வயதில் சூம்பிய கால். கம்பியைப் பிடித்து, காலைக் கையால் தூக்கிப் படியில் வைத்து ஏறுவதற்குள், வெளியே மேய்கிற கன்றுக்குட்டி பசுவாகிவிடும்.

அணைக்கட்டு ஊரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு விடியலில் போகிற பஸ். பனியில் ரோடு தெரியாது, மிதந்துதான் வரும். ஒரு நாள் வழி தவறிய மேகம் ஒன்று ஏறி, ஜன்னல் சீட்டைப் பிடித்து, ஆம்பூரில்தான் இறங்கியது. சந்தேகமென்றால் டிரைவர் கவுஸ் பாஷாவைக் கேளுங்கள்.

லேட்டானால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். சில ஸ்டாப்புகளை எடுத்துவிடலாம் என்று ஆபீஸில் முடிவாயிற்று. கணக்குப் போடும் வேலை கம்ப்யூட்டர் நவநீதனுக்கு வந்தது.

"ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வீணாகிற நிமிஷத்தை வரிசையாப் போட்டுடுவேன்க்கா. ஒரு ஸ்டாப்பைத் தாண்டலாம், அடுத்தடுத்து ரெண்டைத் தாண்டக் கூடாது. இங்க வர்றதுக்கு முந்தின ஸ்டாப்லேர்ந்து வந்தா கம்மியா, அதுக்கும் முந்தினதுலேர்ந்து வந்தா கம்மியா? கம்மியைக் குறிச்சுக்கிட்டே போனா போதும். மறுபடி முதல்லேர்ந்து யோசிக்க வேணாம். டைனமிக் புரோகிராமிங்னு பேரு."

"நிமிஷம் ஜாஸ்தியானா, தம்பி?" என்றாள் கண்ணம்மாள்.

"தாண்டிடும்க்கா."

அடுத்த ஸ்டாப் வரை அந்தக் காலோடு நடக்க முடியாது. வேலையை விட வேண்டியதுதான்.

கவுஸ் பாஷா கடிகாரம் கட்டுவதில்லை. நவநீதன் பெண்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு நிமிஷம் கேட்டான். மற்ற ஸ்டாப்புக்கெல்லாம் பதில் கறாராக வந்தது. கிணத்துமேடு என்றதும், அங்கே வரும்போது தாங்கள் தூங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள் எல்லாரும்.

கடைசியாக ஹெலன் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையை வீசி வீசிப் பேசுவது கண்ணம்மாளுக்குத் தெரிந்தது. குரல் கேட்கவில்லை. தன் தையல் மெஷினை ஒருமுறை துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கணக்கு வந்தது. கிணத்துமேடு அப்படியே இருந்தது. அதற்கு முந்தின ஸ்டாப் போய்விட்டது. அது ஹெலனுடையது.

அன்றிலிருந்து பனிக்குள் கிணத்துமேடு வரை நடந்து வருகிறாள் ஹெலன். "உன்னால இப்ப நடக்கவும் வேண்டியதாப் போச்சு" என்று திட்டிக்கொண்டே கண்ணம்மாளுக்குப் பின்னால் ஏறுகிறாள்.

கண்ணம்மாளுக்கு மனசு ஆறவில்லை. நவநீதனைப் பிடித்துக் கேட்டாள். "கம்ப்யூட்டருக்கு இருக்கிற இரக்கம்கூட அவளுக்கு இல்லியே. அன்னிக்கு இன்னா தம்பி சொன்னா என்னைப் பத்தி?"

நவநீதன் சிரித்தான்.

"கண்ணம்மா அக்கா ஓடுற வண்டியிலயே தாவி ஏறிடும், நிமிஷம் பூஜ்யம்னு போட்டுக்கோங்க சார்னு சொல்லிச்சு."