வால் இறக்கைக்கு நாலு போல்ட்

கொட்டகையில் மாமனார், மகன், மருமகள், சோதனை அதிகாரி நால்வரும் இருந்தார்கள். வீட்டிலேயே கட்டிய குட்டி விமானம். வால் இறக்கையைப் பொருத்தியவர் மாமனார், நாளை முதன்முதலாக ஓட்டப்போவது மருமகள்.

“வால் இறக்கை போல்ட் மெலிசுன்னு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு,” என்றார் அதிகாரி.

மகன் மனைவியிடம் சீறினான். “அப்பா மானத்தை வாங்கிட்டியே!”

“சத்தியமா நான் எழுதலைங்க. மாமா வேலைல நான் குறை சொல்வேனா?”

மாமனார் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதிகாரி அளந்து பார்த்தார். “கடுதாசி சரிதான். பறக்கிறப்போ வால் கழண்டிருக்கும். துளையைப் பெரிசாக்கி, தடிமனான போல்ட் போடுங்க.”

“இந்தாம்மா,” என்று மாமனார் சட்டைப்பையிலிருந்து நான்கு தடித்த போல்ட்டுகளை எடுத்து நீட்டினார். மருமகள் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

கடிதம் எழுதியது மருமகள் என்று தெரு இன்னும் பேசுகிறது. தவறு. தன் பிழையை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மாமனார்தான் எழுதினார்.