கழற்றி வைத்த கால்

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பின்கட்டில் மரக்கால் செய்து கொடுப்பது மேஸ்திரியின் வேலை. சண்டை ஓய்ந்து இருபது வருடமாகியும், பட்டாளத்தார் மட்டும் கடந்த ஏழு வருடமாக, வருடந்தோறும் தன் மரக்காலில் புதிதாக ஒரு துப்பாக்கிக் குண்டோடு வந்து நிற்பார்.

"எங்கதான் போய் வாங்கிட்டு வர்றீங்க?"

"தூங்கி எந்திரிச்சாக் கால்ல இருக்கு, மேஸ்திரி."

மேஸ்திரி குறட்டால் குண்டைப் பிடுங்கி டப்பாவில் போட்டுக் குலுக்கினார். "ஏழாச்சு. உங்க பேரனுக்குக் கிலுகிலுப்பை ரெடி. காலை மாட்டிக்கிட்டா தூங்குவாங்க? கழட்டி வச்சிட்டுப் படுங்க. அப்புறம் எதைச் சுடுறான்னு பார்ப்போம்."

பத்து நாள் கழித்துப் பட்டாளத்தாரின் மனைவி அந்தக் காலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

"நான் சொன்னதைக் கேட்டாராம்மா?"

"கேட்டாருண்ணே. அன்னைக்கே கழட்டி வச்சிட்டுத்தான் படுத்தாரு. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்துச்சு. பக்கத்துல படுத்திருந்த எனக்கு ஒரு சத்தம் கேக்கல. விடிஞ்சு பார்த்தா மெத்தையெல்லாம் ரத்தம். நெஞ்சுல ஏழு குண்டு." அவள் காலை மேசைமேல் வைத்தாள். "சர்க்கார் சாமானாம், திருப்பிக் குடுக்கணும்னாங்க."

மேஸ்திரி டப்பாவை எடுத்துக் குலுக்கினார். சத்தமே வரவில்லை.