இடைவேளை மாத்திரை

மனநலக் காப்பகச் செவிலியர்களுக்குப் பயிற்சி நடத்த வந்திருந்தார் மரகதவல்லி. பல ஆண்டுகள் அங்கேயே நோயாளியாக இருந்து தேறியவர்.

"வாங்க, போங்கன்னு கூப்பிட்டுப் பாருங்க சிஸ்டர். பாதி நோய் அதுலயே போயிரும்" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்நாளில் அவருக்குத் தினமும் மாத்திரை கொடுத்தவள் சகாயராணி. இன்றாவது மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் மரகதவல்லி தன் பையிலிருந்து மாத்திரையை எடுத்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அவர் விழுங்கினார்.

"ஆ காட்டு."

நோயாளிகள் மாத்திரையை விழுங்காமல் வாய்க்குள் ஒளித்துவைத்திருக்கிறார்களா என்று பார்க்கும் வார்டுப் பழக்கம். சொன்ன பிறகுதான் சகாயராணிக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தாள். அதற்குள் மரகதவல்லி வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.