கயிற்றுச் சில்லு

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டின் நவம்பர் மதியம். ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரின் ஓரத்தில், பழைய கார்களை உடைத்துக் குவிக்கும் முற்றத்தின் மேல் தூறல் விடாமல் விழுகிறது. அருளப்பு ஈரத்தில் குந்தியிருந்து, ரயர் கழற்றிய இரும்பு றிம்மில் தார் தோய்த்த தும்புக்கயிற்றை இறுக்கிச் சுற்றுகிறான். இதோடு நாலு சில்லும் முடிந்துவிட்டது. போர் நடக்கும் யாழ்ப்பாணத்துக்குள் ரயர் கொண்டுபோக அரசாங்கத்தின் தடை. அங்கே கோயிலுக்குச் சொந்தமான வான் வண்டியில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவனுடைய தமையன், ரயருக்குப் பதிலாகக் கயிறு தாங்குமா என்று கடிதத்தில் கேட்டிருக்கிறான். ஆஸ்பத்திரி ஆறு மைல் தூரம். இங்கே, ஓட்டிச் சோதிக்க எடுத்த பழைய காரின் பின்சீற்றில் நோயாளிக்குப் பதிலாக இரண்டு சீமெந்து மூட்டைகள் கிடக்கின்றன.

"மெதுவா எடும்" என்கிறான். அவன் மனைவி ஜசிந்தா காரை நகர்த்துகிறாள். கயிறு சரளைக் கல்லில் நறநறவென்று அரைபடுகிறது. அவன் பக்கத்தில் நடந்தபடியே காலடிகளை எண்ணுகிறான். முந்நூற்றில் தார் இளகி மணக்கிறது. முன் சில்லிலிருந்து மெல்லிய புகை எழுகிறது. நானூற்றைத் தாண்டியதும் கயிறு அறுந்து அச்சில் சிக்க, வெறும் இரும்பு கல்லில் மோதி, கார் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறது. உள்ளே மூட்டைகள் உருண்டு விழும் சத்தம் கேட்கிறது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அண்ணைக்கு என்னெண்டு எழுதுறது?" என்று அவன் கேட்கிறான்.

"மெதுவா ஓடச் சொல்லி எழுதுங்கோ."

அவன் தார் அப்பிய கையைப் பார்த்தபடி நிற்கிறான்.

"மெதுவாத்தானே ஓடினனீர்."