திருப்பத்தில் அகலும் படி

"தம்பி, அந்தத் திருப்பத்துல இன்னும் கொஞ்சம் அகலம் வேணும்."

சக்கரபாணி கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். மிஷன் வீதியில் இருந்த அந்த வரைபட ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்த எண்பத்தெட்டாம் வருஷம் அது. சுருள்படிக்கென்றே அவன் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். உயரம், விட்டம், சுற்று மூன்றையும் கொடுத்தால் போதும், படி தானாகத் திரையில் வந்துவிடும். தன் வீட்டுக்குப் படி வரையச் சொல்லி எதிரே உட்கார்ந்திருந்த ராமலிங்கம் கேட்ட படி மட்டும் அதற்குள் அடங்கவில்லை.

"ஐயா, சுருள்படின்னா கீழேருந்து மேல வரைக்கும் ஒரே அளவா சுத்தணும். நீங்க கேக்குறது பாதியில வயிறு பெருத்துப் போவுது. கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது பாருங்க."

"நீங்க நெனச்சா சரி பண்ணிடுவீங்க," என்று மூச்சு வாங்கச் சிரித்தார் ராமலிங்கம்.

அவர் மனைவி கன்னியம்மாள் முகத்தைச் சுளித்தாள். "கீழ சைக்கிள் கடைக்கு வுட்டாச்சு. மாடியில நாம ரெண்டே பேரு. இருக்கிற இரும்புப் படி போதாதா? எதுக்கு இப்ப வீட்டைப் போட்டு இடிக்கிறீங்க?"

"பொண்ணு பிரசவத்துக்கு வர்றா இல்ல? நல்ல கட்டில் ஒண்ணு வாங்கி ஏத்தணும். அந்தக் குறுகல்ல எப்படி ஏறும்?"

"கழட்டி ஏத்தலாமே ஐயா?" என்றான் சக்கரபாணி.

"கூடாது தம்பி. அப்படியே படுக்கவாட்டுல போவணும். ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சுத் திரும்ப எடம் வேணும்."

ஒரு கட்டிலுக்கா இத்தனை பாடு என்று சக்கரபாணிக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் விடவில்லை. சுருளைத் துண்டு துண்டாகப் பிரித்தான். நடுத்துண்டை மட்டும் முட்டை வடிவத்துக்கு இழுத்து, மற்றவற்றோடு ஒட்டினான். இரண்டு தரம் பிசகியது. அடுத்த தரம் படி அறுபடாமல் சுழன்று ஏறியது. திருப்பத்தில் மெல்ல விரிந்து, மறுபடி ஒடுங்கியது.

ராமலிங்கம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது போதும்," என்றவர், சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

சக்கரபாணி குரலைத் தாழ்த்தினான். "அம்மா, உங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லுங்க. சின்னதாவே போட்டுடறேன்."

கன்னியம்மாள் வாசலை ஒரு தரம் பார்த்தாள். இவ்வளவு நேரம் இருந்த கடுகடுப்பு இப்போது அவள் முகத்தில் இல்லை.

"அய்யோ, வேணாம் தம்பி. ஒரு விரக்கடைகூடக் குறைச்சிடாதீங்க. போன வருஷம் இவரு தம்பி மாடியில செத்தப்ப, நாற்காலியில உக்கார வச்சுக் கயிறு போட்டுக் கட்டித்தான் அந்தப் படியில எறக்கினோம். தனக்கும் அந்தக் கதி வரக் கூடாதுன்னுதான் இதைக் கட்டுறாரு. டாக்டர் இவருக்குக் கெடு சொன்னது எனக்கும் தெரியும்னு மட்டும் அவருக்குத் தெரிய வேணாம்."