மூன்றாம் மாடியில் பூட்டு

பூட்டைப் பார்த்ததும் தையல்காரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று வரை திறந்து கிடந்த இடம். இன்றைக்கென்று பார்த்தா பூட்டுவான் அந்த மனுஷன்?

கதவில் தொங்குகிற பூட்டு இல்லை. அவள் கைபேசியில், மூன்றாம் மாடிக்காரரின் வைஃபைக்குப் பக்கத்தில் புதிதாக முளைத்திருந்த குட்டிப் பூட்டு.

"அக்கா, பாஸ்வேர்டு கேக்குதுக்கா! இப்ப நான் என்ன பண்ணுவேன்?" என்று மூன்றாம் மாடிப் படியிலிருந்து கத்தினாள்.

எதிர்வீட்டு அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "நேத்து சாயங்காலமே போட்டுட்டான்டி, உம்மணாமூஞ்சி!"

அந்தக் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்காரருக்கு அதுதான் பெயர். வீட்டிலிருந்தபடியே யாருக்கோ கணக்கு எழுதுகிறவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த வேலைக்காக அவருடைய கம்பெனி போட்டுக் கொடுத்த இணையம்தான் மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்று. 'இந்த வீடுகள்ல யாரு மாசாமாசம் கட்டப்போறா?' என்று எந்த இணையக் கம்பெனியும் தானாக அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

அதனால் ஆளாளுக்கு அவர் வாசல் படியில் உட்கார்ந்து ஓசியில் வைஃபை இழுப்பார்கள். இழுத்துக்கொண்டே, "உம்மணாமூஞ்சிக்குப் பூட்டக்கூடத் தெரியல" என்று கேலியும் பேசுவார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காதில் விழாது என்று நினைப்பு!

இன்று தையல்காரிக்குக் கேலி பேச நாக்கு எழவில்லை. லாரியோடு வெளியூர் போன புருஷன் பக்கவாதத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பேச்சு போய்விட்டது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் வீடியோவில் முகத்தைக் காட்டச் சொல்லியிருந்தாள் நர்ஸம்மா. பஸ் பிடித்துப் போனால் நாளைக்குத்தான் போய்ச் சேர முடியும். செல்போன் டவரோ 'ஹலோ' சொல்லத்தான் எட்டும், படம் வராது.

அவர் வீட்டு நம்பரை அடித்தாள். தப்பு. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அடித்தாள். அதுவும் தப்பு. தெரிந்த சாமி பேரையெல்லாம் அடித்துப் பார்த்தாள், ஒரு சாமியும் திறக்கவில்லை.

கைபேசி அடித்தது. நர்ஸ்.

"எங்கம்மா இருக்கீங்க? ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சு. அவரு ஃபோனையே பாத்துட்டிருக்காரு."

"இதோ வந்துட்டேன் சிஸ்டர், கூட்டிட்டுப் போயிடாதீங்க, உங்களைக் கும்புடறேன்!" வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குக்கா திடீர்னு பூட்டினாரு?"

"வேலை குடுக்கிற கம்பெனிக்காரன் பூட்டச் சொன்னானாம். யாரு நம்புவா? 'அப்ப நாங்கல்லாம் என்ன பண்றது'ன்னு கேட்டேன். 'எல்லாம் உங்க வாயிலதான் இருக்கு'ன்னு சொல்லி மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டான். நாம பேசினதெல்லாம் கேட்டிருக்குடி!"

தையல்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பாவி, தானும் சேர்ந்துதானே சிரித்தாள்! ஓடிப்போய் இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. அதே மூஞ்சி.

"ஐயா, புத்தி கெட்டுப் பேசிட்டோம். இனிமே சத்தியமா அப்படிக் கூப்பிட மாட்டோம். என் வீட்டுக்காரரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோறாங்க. ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன். பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்கய்யா..."

"எப்படிக் கூப்பிட மாட்டீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேணாங்கய்யா..."

"சொல்லும்மா. என்னை நீங்க கூப்பிடற பேரைச் சொல்லு."

அடப்பாவி, பழி வாங்க இதுவா நேரம்! அங்கே புருஷன் ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பான். மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"உம்... உம்மணாமூஞ்சி."

அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"அதாம்மா பாஸ்வேர்டு. சீக்கிரம் அடி."